அரிசிக் கிடங்குச் சுவரில் அய்யாவு

எங்கள் ஊர் மூவாரில் குளிர்காலம் கிடையாது. மழை பெய்யும் மாதங்கள் உண்டு, அதைவிட அதிகமாக மழை பெய்யும் மாதங்கள் உண்டு. அப்படியிருந்தும் இந்த டிசம்பரில் ஆற்றோரத்துப் பழைய கட்டடங்களுக்கெல்லாம் வெளிச்சம் போட்டுக் 'குளிர்கால ஒளி விழா' நடத்துவதென்று முடிவு செய்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு கம்பெனி வந்து இறங்கியது. கடைவீட்டுச் சுவர்களில் வெளிச்சத்தாலேயே பனி கொட்டும், பெங்குவின் நடக்கும் என்றார்கள். நடந்துவிட்டுப் போகட்டும். எனக்கு இருந்த ஒரே கவலை, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் லோஷினிக்கு நடக்கவேண்டிய பரிசம்.

லோஷினிக்கு வயது முப்பத்து நான்கு. எல்லைப் பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து கலைந்து போனது. ஒன்று ஜாதகத்தால், இன்னொன்று மாப்பிள்ளையால். மூன்றாவது, அவளே பார்த்துக்கொண்ட பையன். சாஆ என்ற ஊரைச் சேர்ந்த சுகுமாறன். தினமும் ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டே சிங்கப்பூர்ப் பாலம் தாண்டியதில் பழக்கமாம். நல்ல பையன். அப்பா இல்லை, அம்மா தேன்மொழி மட்டும்தான். நான் மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் அய்யாவு முகம் கொடுக்கப் போனார்.

விழாவில் 'ஊரின் முகங்கள்' என்று ஒரு பகுதி. ஊருக்கு உழைத்தவர்கள் சிலரைப் படம் எடுத்து, ஆற்றோரத்துப் பழைய அரிசிக் கிடங்கின் சுவரில் பெரிதாகக் காட்டுவார்களாம். இவர் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மூவாரில் பாதிப் பேர் இவரிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் ஒன்றாம் வகுப்புக்குப் போனார்கள். அந்தக் கம்பெனியில் படம் வடிவமைக்கும் மிஸ் தியோ என்ற சீனப் பெண், இளசு, ரொம்ப மரியாதையான பிள்ளை, வீட்டுக்கே வந்து படம் எடுத்தாள். சிரிக்கச் சொன்னாள். சிரித்தால் மரியாதை இருக்காது என்று இவர் அடையாள அட்டைக்கு வைக்கும் முகத்தை வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை விழா தொடங்கியது. இவர் பூப்போட்ட புது பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டார். லோஷினி லீவு போட்டு வந்திருந்தாள். மூன்று பேரும் குடையோடு போனோம்.

முதலில் நாற்காலி செய்யும் சீனப் பெரியவர் முகம் வந்தது. முகத்தைச் சுற்றி மர ரேகைகள் ஓடின. அடுத்து மீ பண்டோங் நூடுல்ஸ் கடை மக்சிக், மலாய்க்கார அம்மா. அவரைச் சுற்றி ஆவி பறந்தது. பார்க்கவே பசித்தது. மூன்றாவது என் வீட்டுக்காரர்.

தரையிலிருந்து கூரை வரைக்கும் அய்யாவு. மூக்கோரத்து மச்சம் ஒரு சட்டி அகலம். பிறகு இரண்டு பக்கமும் சாமந்திப் பூக்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. தாமாகவே மாலையாகக் கோத்துக்கொண்டன. அந்த மாலை இவர் முகத்தைச் சுற்றிப் பதமாக உட்கார்ந்தது. கீழே இரண்டு குத்துவிளக்குகள் எழும்பி வந்து தாமே பற்றிக்கொண்டன. சுடர் ஆடியது.

கூட்டம் கைதட்டியது. தட்டியவர்கள் சீனர்களும் மலாய்க்காரர்களும். தமிழர்கள் யாரும் தட்டவில்லை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள்.

"மா," என்றாள் லோஷினி. "மாலை."

"தெரியுது."

"மா, விளக்கும் வெச்சிருக்காங்க."

இவர் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நின்றார். "தனம், எப்படி இருக்கேன் பாத்தியா!"

"பிரமாதமா இருக்கீங்க," என்றேன். "செத்துப் போய் இருக்கீங்க."

மிஸ் தியோவைத் தேடிப் பிடித்தேன். கையில் கம்ப்யூட்டரோடு ஒரு கூடாரத்துக்குள் இருந்தாள். பிடித்தமா ஆன்ட்டி என்று கேட்டாள். நான்கு இந்திய வீடுகளுக்குப் போய் ஆராய்ச்சி செய்துவிட்டுத்தான் செய்தேன் என்று மலாயில் சொன்னாள். எல்லா வீட்டிலும் ஹாலில் நல்ல இடத்தில் ஒரு பெரியவர் படம் இருந்ததாம். பூமாலை, விளக்கு. இவர் யார் என்று கேட்டாளாம். ரொம்ப நல்ல மனிதர் என்று எல்லா வீட்டிலும் சொன்னார்களாம்.

"அவங்க உயிரோட இருக்காங்களான்னு கேட்டியாம்மா?" என்றேன்.

"அப்படிக் கேட்பது மரியாதை இல்லையே ஆன்ட்டி."

இப்படிப்பட்ட பிள்ளையை எப்படித் திட்டுவது? விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அலமாக் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாலையை எடுக்க முழுப் படத்தையும் மறுபடி செய்யவேண்டும், ராப்பகலாக உட்கார்ந்தாலும் சனிக்கிழமை மாலை ஆகும் என்றாள். அதுவரை இவர் படத்தை நிறுத்திவைக்கச் சொன்னேன். அதற்குள் இவர் குறுக்கே வந்தார்.

"நிறுத்த வேணாம் லா. சனிக்கிழமை மாத்தட்டும். மாலை என்ன பண்ணுது, அழகாத்தான இருக்கு?"

"ஊரு என்ன நெனைக்கும்?"

"முப்பது வருஷம் ஊரு என் முதுகத்தான் பாத்துச்சு தனம். இப்பதான் மூஞ்சியப் பாக்குது."

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்றுவரை அந்த வாய்மேலேயே எனக்குக் கோபம்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அந்தச் சுவர் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. கீழே கும்பிடும் கைகள், அழுகிற மூஞ்சிகள், ஆழ்ந்த இரங்கல். காலையில் முதல் ஆளாக வந்தது அடுத்த வீட்டு கத்தரின். எழவு வீட்டில் அடுப்பு எரியாது என்று பெரிய தூக்குச் சட்டி நிறைய மீஹூன் சேமியா பிரட்டிக் கொண்டு வந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அக்கா, மாதா கோயில்ல பூசைக்குச் சொல்லியிருக்கேன் அக்கா," என்று என்னைக் கட்டிக்கொண்டவள், என் தோளுக்கு மேலாக மேசையைப் பார்த்தாள். அங்கே இவர் ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா கத்தரின்," என்றார்.

அவள் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்தது. அதற்குப் பிறகு மீஹூனை நாங்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. பூசையை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் நேரில் பார்த்துவிட்டுப் போனதிலாவது செய்தி அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. வந்துகொண்டே இருந்தார்கள். இவருடைய பஸ்ஸில் போன ஒரு ஆள், இப்போது பேங்க்கில் பெரிய வேலை, வாசலில் நின்று விம்மினான். "தங்கமான மனுஷன் ஆன்ட்டி, எங்கள ஒரு வார்த்தை ஏசினதில்ல."

"எவன்டா அவன்? ஏசியிருக்கேனே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வெள்ளி மாலை இவரே ஒரு வழி கண்டுபிடித்தார். படம் காட்டும் நேரத்தில் அதற்கு நேர் கீழே போய் நின்றுகொண்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று கிளம்பினார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"என்னாச்சு?"

"கைய புடிச்சுகிட்டு ஒரே அழுகை. அண்ணன மாதிரியே இருக்கீங்கன்றானுங்க."

இவருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது.

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாஆவிலிருந்து போன் வந்தது. தேன்மொழி. சம்பந்தி உயிரோடுதான் இருக்கிறார் என்பது மகன் சொல்லி அவளுக்குத் தெரியும். பிரச்சினை அதுவல்ல.

"அக்கா, எங்க நாத்தனார் அந்தப் படத்தப் பாத்துட்டாங்க. உயிரோட இருக்கிறவருக்கு மாலை போட்டு விளக்கு ஏத்திட்டாங்களே, அபசகுனம், பரிசத்தத் தள்ளிப் போடுன்றாங்க. ஒரு வருசம் பாத்துக்கிட்டு அப்புறம் பேசலாம்னு சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னக்கா சொல்றது? அவரு போனதுக்கப்புறம் நல்ல காரியத்துல எங்கிட்ட யாரு கேக்குறா? பின்னால நில்லுன்றாங்க, நிக்கிறேன். நாளைக்கு சாயங்காலம் நாத்தனார் நேர்ல வந்து பாக்குறேன்னு சொல்றாங்க. படம் சரியா இருந்தா வெச்சுக்கலாமாம்."

போனை வைத்தேன். லோஷினி சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. "மா, இதுவும் போச்சுன்னா இனிமே எனக்குப் பாக்காத. கேக்கவும் கேக்காத," என்றாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பரிசத்துக்குப் பூ வாங்க பாசாருக்குப் போனேன். நடக்குமோ நடக்காதோ, பூ வாங்கத்தானே வேண்டும். பூக்கடை சபாபதியிடம் நான் வருஷக்கணக்காகப் பூ வாங்குகிறேன். நான் போய் நின்றாலே ஒரு முழம் மல்லிகையை அறுத்து என் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாலைகளைச் சுற்றிக் கொடுத்தார். தட்டுக்கு உதிரிப்பூ கொடுத்தார்.

"மல்லிகை?" என்றேன்.

"பாப்பாவுக்கா?"

"எனக்கு."

அவர் பூவை அறுத்தார். கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"அவரு வீட்ல பசியாறிகிட்டு இருக்காரு," என்றேன்.

"ஆமாம்மா," என்றார் சபாபதி. "அப்படியே நெனச்சுக்குங்க. மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

பின்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். முன்பின் தெரியாதவர்கள். ஒருத்தி என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். "பாவம், இன்னும் யாரும் எடுத்துவிடல போல," என்று மற்றவளிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். என் காதில் விழுந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையையே கவிழ்த்திருப்பேன். என் புருஷன் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார், எனக்கே இப்படி. தின்ன ஆளில்லாதவள் பூக்கடைக்கு எப்படி வருவாள்? மல்லிகையை எடுத்து அங்கேயே தலையில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி இல்லை, கோணலாகத்தான் இருந்திருக்கும். அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். ஒரு ஆள் விடாமல் என் தலையைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் நாத்தனார் அம்மாள் வந்து இறங்கினார். சுகுமாறன் கார் ஓட்டி வந்திருந்தான். தேன்மொழி பின்சீட்டில் இருந்து கடைசியாக இறங்கினாள். எல்லாரும் நேராக அரிசிக் கிடங்குக்குப் போனோம். மிஸ் தியோ இரண்டு நாள் தூங்காத கண்ணோடு ஓடி வந்தாள். "மாலையை எடுத்துவிட்டேன் ஆன்ட்டி. விளக்கையும் எடுத்துவிட்டேன். குளிர்காலத்துக்கு ஏற்றபடி முழுக்கப் புதிதாகச் செய்திருக்கிறேன்," என்றாள். நான் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன்.

நாற்காலிக்காரர் வந்து போனார். மக்சிக் வந்து போனார். பிறகு இவர் வந்தார். மாலை இல்லை, விளக்கு இல்லை. கறுப்பு வெள்ளையில் இருந்தார். மேலிருந்து பனி மெதுவாகப் பெய்தது. வெள்ளையாக மேகம் கூடியது. அந்த மேகத்துக்குள் இவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. கூரைக்குப் போய் மறைந்தது.

பக்கத்தில் ஒரு தமிழ்க் கிழவர் கும்பிட்டார்.

"போறாரு," என்றார் நாத்தனார் அம்மாள். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் பாத்தேக் சட்டையோடு பக்கத்திலேயே நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள கண்ணால பாக்குறேன். ஆனா ஊரே கும்பிட்டுச்சு. இந்தப் படம் ஓடிகிட்டு இருக்கிறப்ப எங்க பையன் உங்க வாசப்படி ஏற மாட்டான்."

"அத்த," என்றான் சுகுமாறன்.

"நீ சும்மா இரு."

லோஷினி ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். மிஸ் தியோவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. மறுபடியும் மாற்றட்டுமா, பட்டாம்பூச்சி வைக்கட்டுமா என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

இவர் அவளிடம் போனார். "இன்னொரு தடவ மொதல்லேருந்து போடும்மா," என்று மலாயில் கேட்டார். அவள் போட்டாள். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். மச்சத்தைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். முகம் கூரைக்குப் போய்ச் சேரும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "அணச்சிரும்மா," என்றார்.

"அங்கிள், இனிமேல் காட்டவே வேண்டாமா?"

"வேணாம். மக்சிக்க ரெண்டு தடவ போடு."

சுவர் இருண்டது. பழைய கிடங்கு பழைய கிடங்காக நின்றது. அடுத்து மக்சிக் வந்ததும் கூட்டம் மறுபடி கைதட்டியது. இவர் மூக்கைச் சிந்தினார். சளி என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரோட்டில் வைத்து இவர் கையை நான் பிடித்ததில்லை, அன்றைக்குப் பிடித்தேன்.

"சரி," என்றார் நாத்தனார் அம்மாள். "காலைல நேரத்தோட வந்துர்றோம்."

வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. ஹாலில் பாய் விரித்து, தட்டுகளை வரிசையாக வைத்து, ஐயர் உட்கார்ந்தார். லோஷினி நீலப் பட்டில் வந்து நின்றபோது சுகுமாறன் பார்த்த பார்வையில் கத்தரினே வெட்கப்பட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எழுந்து தட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் ஐயர்.

நானும் இவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றோம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பட்டு, பூ. நல்ல கனம். எதிரே நாத்தனார் அம்மாளும் அவர் கணவரும் அவர்கள் தட்டோடு எழுந்து வந்தார்கள்.

நான் தேன்மொழியைத் தேடினேன். ஹாலில் இல்லை. அடுக்களை வாசலில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். யாரும் அவளை அங்கே அனுப்பியதை நான் பார்க்கவில்லை. அவளே போய் நின்றிருக்கவேண்டும். அங்கிருந்து எட்டி எட்டி மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடும்மா," என்றார் நாத்தனார் அம்மாள்.

நான் கொடுக்கவில்லை. "பையனோட அம்மா வரட்டும்," என்றேன்.

"அவ எப்படி வருவா? நல்ல காரியம்."

"அதான் கூப்பிடுறேன்."

ஐயர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். என்ன தனம் என்று கேட்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

நாத்தனார் அம்மாளின் முகம் சிவந்தது. "முறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"மூணு நாளா இந்த ஊரு என்னையும் அங்கதான் நிக்க வெச்சிருந்துச்சு," என்றேன். "இவரு பக்கத்துலயே நின்னாரு, அப்பவும் நிக்க வெச்சுச்சு. எனக்கு அந்த எடம் புடிக்கலம்மா. அவங்க வர்ற வரைக்கும் நாங்க இப்படியே நிப்போம். அவரு பஸ் ஓட்டினவரு, எவ்வளவு நேரம்னாலும் நிப்பாட்டி வெப்பாரு."

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. இதுவும் கலைந்தால் லோஷினி என்னை மன்னிக்கவே மாட்டாள் என்பது சொன்னபிறகுதான் உறைத்தது. அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த நேரம் நீலப்பட்டு என்னைத் தாண்டிப் போனது. லோஷினி அடுக்களை வாசலுக்கு நடந்தாள். சுகுமாறனும் எழுந்து பின்னாலேயே போனான். "வாங்க அத்த," என்று அவள் தேன்மொழியின் கையைப் பிடித்தாள்.

தேன்மொழி வரமாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டேதான் வந்தாள். ஈரமே இல்லாத கையைச் சேலையில் இரண்டு தடவை துடைத்தாள். நாத்தனார் அம்மாள் கணவர், தாங்கள் பிடித்திருந்த தட்டில் தன் பக்கத்தை அவளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். அவர் மனைவியும் வேறு வழியில்லாமல் கையை எடுத்தார். சுகுமாறன் அம்மாவோடு சேர்ந்து பிடித்துக்கொண்டான்.

எங்கள் தட்டை நீட்டினோம். தேன்மொழி அவர்கள் தட்டை மகன் கையில் விட்டுவிட்டு எங்களுடையதை வாங்கினாள். வாங்கியவள் அதை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். தேங்காய் அவள் முகவாயில் இடித்தது. பூ ரவிக்கையில் நசுங்கியது. மகன் கையிலிருந்த தங்கள் தட்டை எங்களுக்குத் தரவேண்டும் என்பதையே மறந்துவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், வெற்றிலையைப் பார்த்து அழுதுகொண்டு நின்றாள்.

ஐயர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் வெறும் கையோடு காத்துக்கொண்டு நின்றோம்.